ஒன்றுக்கு ஏன் இத்தனை மவுசு?

போகிக்கு முதல் நாள் பரண் சுத்தம் செய்வது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தர, என் மனைவி கீழே நின்று 'குப்பை', 'பழைய பேப்பர்காரர்', 'உங்க அம்மாகிட்ட கேக்கணும்' என்று மூன்று ரகமாகத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை கையில் சிக்கியது ஒரு ஒல்லிப் புத்தகம். அட்டை போய், பின் துருப்பிடித்து, ஒரு ஓரத்தை எலி ருசி பார்த்திருந்தது. என் பிளஸ் டூ காலத்து லாக் புக்.

"குப்பை" என்றாள், அட்டையைக்கூடப் பார்க்காமல். அப்புறம் என்ன தோன்றியதோ, புரட்டினாள்.

"என்னங்க, முதல் பக்கத்துல மேல் பாதி மட்டும் இவ்வளவு அழுக்கு. ரெண்டாம் பக்கம் கடைசியெல்லாம் புத்தம்புதுசா இருக்கு. பாதிதான் படிச்சீங்களா?"

என் கல்வித் தகுதி மேல் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. ஸ்டூலிலிருந்து இறங்கி வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது வாஸ்தவம்தான்.

லாக் புக்கை மறந்துபோனவர்களுக்காக: நாலு இலக்க லாக் டேபிள் மொத்தமே இரண்டு பக்கம். இடது ஓரத்தில் 10, 11, 12 என்று ஆரம்பித்து, முதல் பக்கம் 54ல் முடியும். இரண்டாம் பக்கம் 55 முதல் 99 வரை. 237ஐ 48ஆல் பெருக்க வேண்டுமா? 23ஆம் வரிசையில் விரலை வைத்து 7ஆம் கட்டத்துக்குப் போனால் 3747. முன்னால் ஒரு 2 போட்டு 2.3747. அதேபோல் 48க்கு 1.6812. இரண்டையும் கூட்டினால் 4.0559. அப்புறம் ஆண்டிலாக் பக்கத்துக்குப் போய் .0559ஐத் தேடினால் 1137. ஆக, விடை 11,370. நிஜ விடை 11,376. ஆறு குறைகிறது. நாலு இலக்கக் காசுக்கு நாலு இலக்கத் தோசைதான் கிடைக்கும்.

கண் வரிசை மாறிவிடாமல் இருக்க நான் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொள்வேன். அந்தக் கோடுகள்தான் அழுக்கு. 10லிருந்து 19 வரையில் உள்ள வரிசைகள் கரிப்பிடித்த வாணலி மாதிரி இருந்தன. 20களில் கொஞ்சம் குறைவு. 80, 90 பக்கம் போனால் அச்சாபீஸிலிருந்து நேற்று வந்த மாதிரி. நான் காமர்ஸ் குரூப். கூட்டு வட்டி, ஜியோமெட்ரிக் மீன் என்று எத்தனையோ வகைக் கணக்குக்கு இதைப் புரட்டியிருக்கிறேன். எல்லா வகைக் கணக்கிலும் 1ல் ஆரம்பிக்கிற எண்ணாகவே எனக்கு வந்து வாய்த்ததா?

இதே சந்தேகம் 1881ல் ஒருவருக்கு வந்திருக்கிறது. அவர் அமெரிக்காவில் கடலோடிகளுக்கான பஞ்சாங்கம் தயாரிக்கும் ஆபீஸின் தலைவர், சைமன் நியூகோம்ப். வானசாஸ்திரி. நாளெல்லாம் லாக் புக்கோடு மல்லுக்கட்டும் உத்தியோகம். அந்தக் காலத்து லாக் புக்குகள் நம்முடையது போல் இரண்டு பக்கமல்ல, தலையணை சைஸ். அவற்றில் முதல் பக்கங்கள் நைந்து கிழிந்து கிடக்க, பின் பக்கங்கள் கசங்காமல் இருப்பதைக் கவனித்தார். நாமாக இருந்தால் "முதல் பக்கத்துக்கு அட்டை போடுப்பா" என்று பியூனிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் ஒரு கணிதப் பத்திரிகைக்கு இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். உலகத்தில் புழங்கும் எண்களில் 1ல் ஆரம்பிப்பவை 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 2ல் ஆரம்பிப்பவை 17.6, 3க்கு 12.5, இப்படியே இறங்கி 9க்கு வெறும் 4.6 சதவீதம்.

ஒன்பது இலக்கங்கள் இருக்கின்றன. ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் 11 சதவீதம் வர வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் மாதிரி ஒண்ணாம் நம்பர் மூன்று பங்கை அள்ளிக்கொண்டு போகிறது.

லாக் புக்கின் அழுக்கை ஒரு வானசாஸ்திரி இவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. முன்னூறு வருஷத்துக்கு மேல் உலகத்தின் கால்குலேட்டர் அதுதான். அதைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியர் ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் கோட்டை உள்ள பணக்காரர், வாத்தியார் வேலைகூடப் பார்த்ததில்லை. உலகம் 1688க்கும் 1700க்கும் நடுவில் முடிந்துவிடும் என்று பைபிளை வைத்துக் கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதியவர். (அந்தக் கணக்கு தப்பிவிட்டது.) மற்ற நேரத்தில், பெருக்கலைக் கூட்டலாக மாற்ற வழி தேடி சுமார் இருபது வருஷம் உட்கார்ந்தார். 1614ல் புத்தகம் வந்தது. அதைப் படித்து லண்டன் கணிதப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸுக்குத் தூக்கம் போய்விட்டது. 1615ல் எடின்பரோவுக்கே கிளம்பிப் போனார். ரயில் இல்லாத காலம், குதிரைதான்.

"அவர் எங்கே வரப்போகிறார்" என்று நேப்பியர் அலுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டதாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று, அந்தக் காலத்து லில்லி என்ற பிரபல ஜோசியர் எழுதி வைத்திருக்கிறார். ஜோசியர் எழுதியது என்பதால் ஐந்து நிமிஷம் தள்ளுபடி செய்தாலும், இரண்டு கணக்குக்காரர்கள் பத்து நிமிஷம் பேச்சு வராமல் நின்றார்கள் என்பது பெரிய விஷயம்தான்.

பத்தின் லாக் 1 என்று வைத்துக்கொண்டால் சௌகரியம் என்று அந்தச் சந்திப்புகளில் முடிவாயிற்று. 1617ல் நேப்பியர் இறந்துவிட, பாரம் முழுவதும் பிரிக்ஸ் தலையில். 10க்கு வர்க்கமூலம் எடுத்தார், வந்த விடைக்கு மறுபடி வர்க்கமூலம், அதற்கு மறுபடி... இப்படி 54 தடவை, முப்பது இலக்கச் சுத்தமாக, கையால். 1624ல் 30,000 எண்களுக்கு 14 இலக்க லாக் போட்டுப் புத்தகமாக்கினார். நடுவில் விட்டுப்போன 70,000 எண்களை விளாக் என்ற ஹாலந்துக்காரர் 1628ல் நிரப்பினார். நாம் பரீட்சை முடிந்ததும் பரணில் எறிந்தோமே, அது இவர்கள் போட்ட கணக்கின் பேரப்பிள்ளை.

அழுக்குக்கு வருகிறேன். நியூகோம்பின் குறிப்பை ஏறக்குறைய எல்லாரும் மறந்துபோனார்கள். 1938ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பௌதிக விஞ்ஞானி ஃப்ராங்க் பென்ஃபோர்டு அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். இவர் சும்மா சொல்லவில்லை. ஆறுகளின் பரப்பு, ஊர்களின் ஜனத்தொகை, பேஸ்பால் புள்ளிவிவரம், ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையில் வந்த எண்கள், விஞ்ஞானிகளின் வீட்டு நம்பர் என்று 20,229 எண்களைச் சேர்த்து முதல் இலக்கத்தை எண்ணினார். சுமார் முப்பது சதவீதம் ஒன்று! விதிக்கு 'பென்ஃபோர்டு விதி' என்று பெயராகிவிட்டது. முதலில் இலை போட்ட நியூகோம்புக்குச் சாப்பாடு கிடையாது. ஆபீஸில் டிராஃப்ட் போடுபவர் ஒருவர், கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்குபவர் ஒருவர் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஏன் இப்படி? இதற்கு பி.காம். போதும்.

பாங்கில் ஒரு லட்சம் போடுகிறீர்கள். கூட்டு வட்டி, வருஷம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எந்த பாங்க் என்று கேட்டு எழுதாதீர்கள், கணக்குக்காகச் சொன்னேன்.) ஒரு லட்சம் இரண்டு லட்சமாக ஏழே கால் வருஷம் ஆகும். அந்த ஏழே கால் வருஷமும் பாஸ்புக்கில் முதல் இலக்கம் 1. இரண்டு மூன்றாக நாலே கால் வருஷம். மூன்று நாலாக மூன்று வருஷம். போகப் போக வேகம் பிடித்து, 9 லட்சம் 10 லட்சமாக ஒரு வருஷமும் ஒன்றேகால் மாசமும் போதும். 10 லட்சம் வந்ததும்? மறுபடி முதல் இலக்கம் 1. மறுபடி ஏழே கால் வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மொத்தம் 24 வருஷம் 2 மாசம். அதில் ஏழே கால் வருஷம் என்பது 30 சதவீதம்.

பெருக்கலில் வளர்கிற எதுவுமே இப்படித்தான். ஜனத்தொகை, பங்கு விலை, கடன். முதல் லட்சத்தைச் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று பெரியவர்கள் சொல்வதில் கணிதம் இருக்கிறது.

நம்பிக்கை வராதவர்கள் சதுரங்கப் பலகைக் கதைக்குப் போகலாம். முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நாலு என்று இரட்டித்துக்கொண்டே போய் ராஜாவை ஓட்டாண்டியாக்கிய அதே கதை. 64 கட்டத்துக்கும் 64 எண்கள். 1, 16, 128, 1024 என்று 1ல் ஆரம்பிப்பவை எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். 19. 9ல் ஆரம்பிப்பவை? இரண்டே இரண்டு. கடைசிக் கட்டமும் அதில் ஒன்று.

இன்னொரு அழகு, ரூபாயை டாலராக மாற்றினாலும் மைலைக் கிலோமீட்டராக்கினாலும் இந்தப் பங்கீடு மாறாது. எண்கள் எல்லாம் மாறும். முப்பது சதவீதம் மட்டும் அப்படியே இருக்கும். என் லாக் புக்கிலும் ஒரு சமாசாரம் அகப்பட்டது. முதல் பக்கத்தின் பங்கு 74 சதவீதம், இரண்டாம் பக்கத்துக்கு 26 என்று கணக்கு வருகிறது. அதாவது நாலில் மூன்று தடவை முதல் பக்கம்தான். ஆனால் ஆண்டிலாக் பக்கங்களைத் திருப்பினால் அழுக்கு ஒரே சீராக, எல்லா வரிசையிலும் சமமாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்! நியூகோம்ப் சொன்னதே அதுதான்: எண்கள் சமமாக வருவதில்லை, அவற்றின் லாக்குகள் சமமாக வருகின்றன. பதினேழு வயதுப் பையனின் பென்சில் கோட்டில் இது இருந்திருக்கிறது. எழுதியவனுக்குத்தான் தெரியவில்லை.

எல்லா எண்ணுக்கும் இது பொருந்தாது, அவசரப்படாதீர்கள். டெலிபோன் நம்பர், லாட்டரி, மனிதர்களின் உயரம் இதெல்லாம் இந்த விதிக்கு அடங்காதவை. பத்திலிருந்து லட்சம் வரை பரந்து கிடக்கிற, தானாக விளைகிற எண்களுக்குத்தான் இது. எந்தக் கம்பெனி கணக்கிலும் அப்படிப்பட்ட எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. மார்க் நிக்ரினி என்ற கணக்கியல்காரர் 1992ல் இதை வைத்து டாக்டர் பட்டமே வாங்கினார். பொய்க் கணக்கு எழுதுகிறவன் எண்ணைக் கற்பனை செய்கிறான். கற்பனை செய்கிறவனுக்கு ஒண்ணாம் நம்பரின் மவுசு தெரியாது. எல்லா இலக்கத்தையும் நியாயமாகப் பங்கு போட்டு எழுதுவான், அல்லது ஏதோ ஒரு மூலையில் குவிப்பான். அங்கே பிடி என்பது அவர் கட்சி.

அவர் அலசிய ஒரு கேஸ் அரிசோனா மாநிலக் கருவூலத்தில் நடந்தது. 1992ல் அங்கே ஒரு மேனேஜர், இல்லாத ஒரு பார்ட்டி பெயரில் 23 செக் எழுதினார். மொத்தம் 18 லட்சத்து 78 ஆயிரம் டாலர் சொச்சம். முதல் செக் 1,927 டாலர், அடுத்தது 27,902. ஆழம் பார்த்திருக்கிறார். கால் தரையில் பட்டதும் துணிச்சல் வந்து, பாக்கியில் பெரும்பாலானவை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே தொகை இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொண்டார். முழு எண்ணாக இல்லாமல் சில்லறை சேர்த்தார். பாவம், அவ்வளவு மெனக்கெட்டும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 7, 8, 9ல் ஆரம்பித்தன. "புது கம்ப்யூட்டரில் ஓட்டை இருக்கிறது என்று காட்டத்தான் செய்தேன்" என்று சொல்லிப் பார்த்தார். 1993ல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

தனி ஆள் மட்டுமல்ல, அரசாங்கங்களையும் இப்படி நிறுத்துப் பார்த்தார்கள். 2011ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, ஐரோப்பிய நாடுகள் கொடுத்த பொருளாதாரப் புள்ளிவிவரங்களின் முதல் இலக்கத்தை எண்ணியது. யூரோ நாடுகளில் விதியை விட்டு அதிகம் விலகி நின்றது கிரீஸ். அந்த நாடு கணக்கைத் திரித்தது அதற்கு முன்பே சந்தி சிரித்திருந்தது, அது வேறு விஷயம்.

அரிசோனாக்காரரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. காரணம், என் முதல் வேலை.

தனியார் கம்பெனி. வெளிவேலைக்குப் போனால் 500 ரூபாய்க்குள் பில் வேண்டாம், வவுச்சரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். 500ஐத் தாண்டினால் மேனேஜரிடம் போக வேண்டும். நான் பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று எழுத ஆரம்பித்தேன். 480, 495, 470, 490... 490ஐ அடுத்தடுத்து இரண்டு தடவை எழுத மாட்டேன், அவ்வளவு ஜாக்கிரதை. ரூமில் வாடகை பாக்கி, ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு நானே காரணங்களும் சொல்லிக்கொண்டேன். அதற்கு மட்டும் வவுச்சர் கிடையாது.

ஏழு மாசம் ஓடியது. கேஷியருக்கு ரிடையராக நாலு மாசம்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டார். மேஜை மேல் என் வவுச்சர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"தம்பி, இதுல நீங்க நெஜமா போனது எது?"

நான் பேசவில்லை. அவரே பொறுக்கினார். 85. 140. 112. இன்னொரு 160. "இதெல்லாம் நெஜம்" என்று தனியே வைத்தார். அத்தனையும் சரி.

"எப்படி சார்?" என்றேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"முப்பது வருஷமா வவுச்சர் பாக்கறேன். ஊர் சுத்தறவன் செலவு ஏறும், எறங்கும். ஒருநாள் நாப்பது ரூபா வரும். ஒங்களுது மட்டும் எப்பப் பாத்தாலும் மாடியில மேல் படியிலயே உக்காந்திருக்கு."

கண்டிப்பாகப் பார்த்தால் ஒரு பையனின் சில டஜன் ஆட்டோ வவுச்சருக்கு பென்ஃபோர்டு விதி செல்லாது. தொகைகள் அவ்வளவு பரந்தவை அல்ல. அவர் பார்த்தது விதியை அல்ல, குவியலை. பென்ஃபோர்டு பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார்.

"ஆடிட் நாளன்னிக்கு வருது. இத்தனையிலயும் பாஸ் பண்ணின கையெழுத்து என்னுது" என்றார். குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு மாசத்தில் வாங்கவேண்டிய கிராஜுவிட்டியை நினைத்தாரா, முப்பது வருஷத்தை நினைத்தாரா, தெரியாது. வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டார்.

ரூம்மேட்டிடம் கடன் வாங்கி மறுநாள் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினார். மறைக்கவில்லை, 'கூடுதலாகப் பெற்றது, திரும்பச் செலுத்தப்பட்டது' என்று என் பெயருக்கு நேராக எழுதி ரசீது கொடுத்தார். ஆடிட்டர் கேட்டபோது என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எழுத இஷ்டமில்லை. வேலை போகவில்லை. வெளிவேலை போயிற்று. அவருடைய ரிடையர்மெண்ட் விழாவில் எல்லாரும் மாலை போட்டுக் கைகுலுக்கினார்கள். நான் கடைசி வரிசையில் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை என் மனைவியிடம் சொன்னதில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வரும்போது தெரிந்துகொள்வாள். அன்றைக்கு, முதல் பக்கத்து அழுக்கின் காரணத்தை மட்டும் பத்து நிமிஷம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது குப்பை இல்லையா?" என்றாள்.

"இல்லை."

கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உங்க அம்மாகிட்ட கேக்கணும்' குவியலில் வைத்தாள்.